நூறில் ஒரு மில்லிமீட்டர்: லேத் பட்டறை தவறு செய்தால் என்ன செய்வது?

நம் நாட்டுச் சாலைகளில் பழைய புரோட்டோன் சாகா கார்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில, பின்னால் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்திருந்தால் எண்ணெய் மாற்றுவதால் பயனில்லை. எஞ்சினைப் பிரித்து ‘ஓவர்ஹால்’ செய்தாக வேண்டும்.

இந்த வேலை முழுவதையும் மெக்கானிக்கே செய்வதாகப் பலர் நினைக்கிறோம். உண்மையில் நுட்பமான பாதி வேலை லேத் பட்டறையில்தான் நடக்கிறது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது, அதன் சுவரைச் சீராக்குவது, கிராங்க் தண்டை கிரைண்டிங் செய்வது, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்வது எல்லாம் அங்குதான். அங்கே நேரும் சிறு தவறு, எஞ்சினைப் பூட்டி ஓட்டும்வரை யார் கண்ணுக்கும் தெரியாது.

எவ்வளவு சிறிய தவறு?

சாகாவில் வந்த 4ஜி15 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 75.5 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி, இத்தகைய எஞ்சின்களில் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இடைவெளி குறைந்தால் சூட்டில் விரியும் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிஸ்டன் சுவரில் தட்டும், எண்ணெய் மேலேறி எரியும்.

என் மாமாவின் சாகாவில் இப்படித்தான் ஆனது. வேலைக்குப் போய்வர அவருக்கு அந்த ஒரு கார்தான். புதிய பிஸ்டன்களை அளந்தபோது 75.97 இருந்தது. சிலிண்டர்கள் 76.00 இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்த பிளாக்கில் மூன்று சிலிண்டர்கள் சரி. மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 76.06. இடைவெளி 0.03க்குப் பதில் 0.09. மும்மடங்கு!

பூட்டும் முன்பே இது தெரிந்ததற்குக் காரணம், மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு சிலிண்டரையும் ‘போர் கேஜ்’ வைத்து மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளில் அளந்ததுதான். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. நான்குக்கும் சேர்த்து 24 எண்கள். மேலும் கீழும் வேறுபட்டால் சிலிண்டர் கூம்பாகியிருக்கிறது என்று பொருள். இரு திசைகளில் வேறுபட்டால் முட்டை வடிவமாகியிருக்கிறது.

அளக்கும்போது வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 75.5 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு, 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.008 மில்லிமீட்டர் விரியும். அலுமினிய பிஸ்டன் அதைப்போல் இருமடங்கு விரியும். ஆகவே, குடைந்த சூட்டோடு அளந்த எண்ணை நம்பிப் பட்டறையுடன் வாதாட முடியாது. பிளாக், பிஸ்டன், கருவி மூன்றையும் ஒரே அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் அளப்பதே முறை.

எப்படிப் போய்க் கேட்பது?

அளவு தெரிந்துவிட்டது. ஆனால், மாமா தயங்கினார். “இத்தனை வருஷமா அவங்ககிட்டதான் கொடுக்கிறோம், எப்படிப்பா போய்க் கேட்கிறது?” என்றார். ‘அப்படியே பூட்டிவிடலாம், ஓடும்வரை ஓடட்டும்’ என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வருகிறது. ஆனால், பூட்டி ஓட்டிய பிறகு தவறு யாருடையது என்று நிரூபிப்பது கடினம். பூட்டியதில் கோளாறு என்று பட்டறை சொல்லலாம், வெட்டியதில் கோளாறு என்று மெக்கானிக் சொல்லலாம். பூட்டாத பிளாக்கும் எழுதி வைத்த 24 எண்களும்தான் சாட்சி.

அண்ணன் அங்கு போய்ச் சத்தம் போடவில்லை. “பாஸ், உங்க கேஜ்லயே ஒரு தடவை அளந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார். முதலாளி அளந்தார். அதே 76.06. அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை. வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே, நான்கு சிலிண்டர்களையும் அடுத்த அளவான 0.75க்குக் குடைய வேண்டும். அந்தக் கூலியை முதலாளி வாங்கவில்லை. புதிய பிஸ்டன் செட்டின் விலையில் பாதியையும் ஏற்றுக்கொண்டார். மறுபாதியும் ஒரு வாரத் தாமதமும் மாமாவின் கணக்கில். முழு நியாயம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால், கார் இன்று புகையில்லாமல் ஓடுகிறது, இரு தரப்பும் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள்.

பட்டறை மறுத்தால்? சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், அங்கும் ரசீதும் படங்களும் அளவுகளும்தான் பேசும்.

பெரிய தொழிற்சாலையிலும் நடக்கும்

சிறிய பட்டறையில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். 2015-இல் அமெரிக்காவில் ஹூண்டாய் நிறுவனம் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் தண்டின் எண்ணெய்த் துளைகளைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுமையாக அகற்றப்படவில்லை. அவை எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து, ஓடும் வண்டியிலேயே எஞ்சின் நின்றுபோகும் அபாயம் இருந்தது.

அந்நிறுவனத்தின் பொறியியலாளர் கிம் குவாங் ஹோ, எஞ்சின் கோளாறுகள் சரியாகக் கையாளப்படவில்லை என்று 2016-இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் தகவல் கொடுத்தார். திரும்ப அழைக்கும் நடவடிக்கை உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை என்பதற்காக 2020-இல் ஹூண்டாய், கியா இரண்டுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராதத் தீர்வு விதிக்கப்பட்டது. மறு ஆண்டு, கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல் வெகுமதி அறிவிக்கப்பட்டது. தவறைத் தாமதமாக ஏற்பதற்கு எவ்வளவு விலை என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

கையில் வைத்திருக்க வேண்டியவை

தொழில்திறன் கல்லூரியிலோ போலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இயந்திரவியல் படிப்பவர்கள், வீட்டில் ஓவர்ஹாலுக்குப் போகும் வண்டி வைத்திருப்பவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் பிஸ்டனை வாங்குங்கள். அதையும் பிளாக்கோடு பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் குடைய வேண்டும்.

வேண்டிய அளவைத் தாளில் எழுதி, தேதி போட்டு, இரு தரப்பும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் தண்டை எந்த அளவுக்குத் தேய்த்தார்களோ, அதே அளவு பேரிங்தான் வந்திருக்கிறதா என்று பெட்டியின் மேல் பாருங்கள்.

பூட்டும் முன் எண்ணெய்த் துளைகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பட்டறையில் கழுவியிருந்தாலும் மறுபடியும் கழுவுங்கள்.

தவறு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அவர்கள் கருவியிலேயே அவர்களையே அளக்கச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கும்போது, புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டாவது எண்ணைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறோம். மாமாவின் எஞ்சினில் தவறு இருந்தது அந்த எண்ணில்தான்.