பழைய மின்விசிறியும் பச்சைக் குழந்தையும்



சென்ற சித்திரையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை போட்ட அறையில் தாயும் பத்து நாள் குழந்தையும் படுத்திருந்தார்கள். 'காத்து படக்கூடாது' என்று ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேலே ஒரு மின்விசிறி. இறக்கைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. உடம்பு அனலாய்ச் சுட்டது.

"ஃபேன்தான் ஓடுதே சார்" என்றார் தகப்பனார். "மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது."

குழந்தையை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். நலமாகத் திரும்பியது. விசிறியில் கெட்டுப்போயிருந்தது என்ன தெரியுமா? கண்டென்சர் என்ற ஒரு சிறு பொருள். அதன் விலை நூறு ரூபாய்க்கும் குறைவு!

வெப்பம் யாரை அதிகம் தாக்கும்?

பச்சைக் குழந்தைக்குத் தன் உடல் சூட்டைச் சமாளிக்கும் சக்தி குறைவு. கர்ப்பிணித் தாய்க்கு உடம்பில் ஏற்கனவே சூடு அதிகம். கடும் வெப்பத்தில் தொடர்ந்து இருந்தால் குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் ஏற்பட வாய்ப்பு கூடுகிறது. ஆகவே வீட்டில் காற்றோட்டம் என்பது வசதிக்காக மட்டும் அல்ல. அதுவும் தாய் சேய் நலப் பராமரிப்பே.

விசிறியைக் கவனியுங்கள்

1. மெதுவாக ஓடினால், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் கண்டென்சர் பலவீனமாகியிருக்கும். மாற்றுங்கள்.

2. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

3. இறக்கையில் தூசி படிந்தால் காற்று குறையும். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் துடையுங்கள்.

4. மேலே மாட்டியிருக்கும் கொக்கி, போல்ட், பின் ஆகியவை துருப்பிடித்துள்ளனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிலை விசிறிக்கு நேர் கீழே கட்ட வேண்டாம்.

எப்போது புதிது வாங்குவது?

'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்று நாம் சொல்வது வழக்கம். கணக்குப் பார்ப்போம். பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் ஆகிறது. இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட்தான் எடுக்கும். அதே நேரம் ஓடினால் 18 யூனிட் போதும். விலை சற்று அதிகம்தான். ஆனாலும் ஒருமுறை காயில் கட்டியும் மறுபடி சூடேறுகிற விசிறிக்குத் திரும்பத் திரும்பச் செலவு செய்வதைவிட, மாற்றிவிடுவதே லாபம்.

கூரையையும் பாருங்கள்

வெப்பம் வருவது பெரும்பாலும் கூரை வழியாக. அதைத் தடுக்காமல் விசிறியை மட்டும் மாற்றினால், அது சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். மாடி வீடானால் கோடைக்கு முன் மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். தகரக் கூரையானால் மேலே வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம். உள்ளே, அடுப்பு இல்லாத அறையில், மூங்கில் பாயை இடைவெளி விட்டுக் கட்டலாம். வெயில் நேரத்தில் வெயில் படும் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போடுங்கள். மாலையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் விசிறியை மட்டும் நம்பக் கூடாது. அது அனலையே உடம்பில் வீசும். மர நிழலுக்கோ, குளிர்ந்த வேறு இடத்துக்கோ போங்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். கம்பளியில் சுற்றி வைக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணி நல்லது.

குளிர்காலத்தில் எச்சரிக்கை

மலைப் பகுதிகளில் மார்கழிக் குளிருக்குச் சட்டியில் கரிக் கங்கு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும்; தூக்கத்திலேயே உயிர் போய்விடும். யாராவது மயங்கினால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வந்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

வெந்நீர் வைக்கும் மின்சார ராடு பழசாகி, ஒயர் வெடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். இரும்பு வாளியில் ராடு போடாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை: மனைவி கருவுற்றிருக்கும் செய்தி தெரிந்ததும் வளைகாப்புக்குச் செலவு எழுதுகிறீர்கள். அந்தப் பட்டியலில் முதல் வரியாகத் தாயும் சேயும் படுக்கப்போகும் அறையின் விசிறியையும் கூரையையும் எழுதுங்கள்.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடம்பு சுட்டால், 'வெயில் சூடுதான்' என்று இருந்துவிடாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

காற்றோட்டமான வீடு, நலமான தாய், சிரிக்கும் குழந்தை!