ஆட்டம் – 14: தங்காள் வந்து எழுப்போணும்

தாயக்கட்டையையும் இருபது முகப் பகடையையும் அருகருகே வைத்துப் பார்த்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வருகிறவர்களுக்கு அது போதும். பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்காக 1980-ல் வந்த தெய்வங்கள் புத்தகத்தில் இந்திரனும் காளியும் இடம்பிடித்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அதற்குள் காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன்மார் கதைச் சடங்கான படுகளம் பார்க்கக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

அண்ணன்மார் கதையைக் கொங்கு நாட்டாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பியான பொன்னரும் சங்கரும் மாய்கிறார்கள். அவர்கள் தங்கை தங்காள் காடெல்லாம் தேடி வந்து எழுப்புகிறாள். படுகளத்தில் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடும் பாட்டு அவர்கள் மாயும் கட்டத்தைத் தொட்டதும் கூட்டத்திலிருந்து ஆண்கள் சரிந்து விழுகிறார்கள். கட்டை மாதிரி விறைத்துப்போன உடம்புகளை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் அழுதவர் முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூடிய துணிகளில் ஒன்றுக்கடியில் அவர் பேரன் கிடந்தான்.

"வேசம் கட்டறது வேறைங்க, படுகளம் விழறது வேறைங்க" என்றார் பூசாரி. "விழுந்தவன் அவனா எந்திரிக்க முடியாது. தங்காள் வந்து தண்ணி தெளிச்சு எழுப்போணும்."

அந்த ஒரு பேச்சுதான் ஒரு வாரமாக என்னைச் சுற்றவைக்கிறது. கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் கூடி இந்தப் பாத்திர ஆட்டம் ஆடும் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவன் ஏற்ற பாத்திரம் செத்துப்போனால், அவன் எழுந்து போய் டீ குடித்துவிட்டு, புதுத் தாளில் புதுப் பாத்திரம் எழுதுவான். பாத்திரம் அவன் கையில் இருக்கிறது. படுகளத்தில் மனுசன்தான் பாத்திரத்தின் கையில் இருக்கிறான். அவனை மீட்டுத் தர ஊர் முழுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால், இரண்டையும் நம் மொழி ஒரே வேரில்தான் கட்டியிருக்கிறது. தாயம் ஆடுகிறோம், கூத்து ஆடுகிறோம், சாமி ஆடுகிறோம். சங்க காலத்து வேலன் ஆடியதும் வெறியாட்டுதான். மேற்கத்தியச் சொல்லிலும் இப்படி ஓர் ஒற்றுமை உண்டு: பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவரைக் குறிக்கும் 'பேகன்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் 'பாகானுஸ்', நாட்டுப்புறத்தான் என்றே பொருள்படும். நாம் நாட்டார் தெய்வம் என்கிறோமே, அதே பொருள்.

மேற்கே ஆட்டத்தைப் படுகளத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தவர் கிரெக் ஸ்டாஃபோர்ட். அவர் படைத்த குளோரந்தா உலகத்தில் நடக்கும் 'ரூன்குவெஸ்ட்' என்ற ஆட்டம் 1978-ல் வந்தது. அதில் பாத்திரத்துக்கு வாளும் கேடயமும் மட்டும் போதாது. கும்பிட ஒரு சாமியும் வேண்டும். 'ஹீரோகுவெஸ்ட்' என்று ஒன்று உண்டு: பக்தன் தன் தெய்வம் நடந்த வழியிலேயே நடந்து, அந்தக் கதைக்குள்ளேயே புகுந்து, வரத்தோடு திரும்புவான். படிக்கும்போதே எனக்கு உடுக்கைச் சத்தம் கேட்டது. ஸ்டாஃபோர்ட் இதை வெறும் காகிதத்தில் எழுதியவரல்லர். ஷாமன் வழிபாட்டில் தோய்ந்தவர்; 2018-ல் தன் வீட்டில், சடங்காக உள்ளே உட்கார்ந்து வேர்க்கவைக்கும் குடிலில்தான் அவர் உயிர் பிரிந்தது.

அண்ணன்மார் கதை என்றால், பிரெண்டா பெக்கைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துக்கு வந்து, இந்தக் கதையை ஒலிநாடாவில் முழுதாகப் பிடித்தவர் அவர். பல பத்தாண்டுகள் கழித்து அதையே 26 பகுதி அனிமேஷன் தொடராக்கினார். நாம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்காமல் விட்ட பாட்டு அது.

அன்று படுகளத்தில் விடிகிற நேரம் தங்காள் வந்தாள். தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு துணியாக அசைந்தது. அந்தப் பேரன் எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தான். அப்புறம் பாட்டியிடம் மெதுவாகக் கேட்டான்: "மத்தவங்க எந்திரிச்சுட்டாங்களா, அம்மாயி?"

காளி அடுத்த வாரம்.