வட்டு எங்கே போயிற்று?

மடிக்கணினியில் விண்டோஸ் 11 இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும்போது, வட்டு எதுவும் காணப்படவில்லை, டிரைவர் தேவை என்ற பொருளில் ஒரு செய்தி சில வேளைகளில் திரையில் தோன்றும். நேற்றுவரை ஓடிய வட்டு கெட்டுவிட்டது என்று அஞ்சிப் புது வட்டு வாங்கப் புறப்படுவோரும் உண்டு. அது வீண் செலவாகலாம்.

டிரைவர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போன்ற சிறு நிரல். ‘இதைப் படி’ என்று இயங்குதளம் இடும் ஆணையை, வன்பொருளுக்குப் புரியும் குறிகளாக அது மாற்றுகிறது. பரவலாக வழங்கும் வட்டுகளுக்குரிய டிரைவர்கள் விண்டோஸுடனேயே வருகின்றன. ஆனால், 2020-இல் வெளிவந்த இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலிகள் தொடங்கி, பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்னும் கட்டுப்பாட்டுப் பகுதி வட்டுக்கு முன்னே நிற்கிறது. அதன் மொழி அறிந்த டிரைவர் இல்லையேல், பின்னாலுள்ள வட்டு விண்டோஸுக்குத் தெரியாது.

பயாஸ் திரையைப் பாருங்கள். அங்கே வட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் குறை வட்டில் இல்லை, டிரைவர்தான் இல்லை. பயாஸ் தனக்கென வேறு நிரலை வைத்திருப்பதால் அதற்கு வட்டு தெரிகிறது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? வேறொரு கணினியில், உங்கள் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்குங்கள். அதைப் பிரித்து, ‘ஐ.என்.எஃப்.’ கோப்பு உள்ள உறையைப் பென் டிரைவில் இடுங்கள். நிறுவும் திரையில் ‘லோட் டிரைவர்’ என்பதை அழுத்தி அந்த உறையைக் காட்டினால், வட்டு பட்டியலில் வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: வட்டு தெரிந்தவுடன் பழைய பகுதிகளை அழித்துவிடாதீர்கள். படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் நகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் மீண்டும் கிடைக்கும், அவை கிடைக்கமாட்டா.