பதினொரு நிமிஷப் பாட்டும் அதன்பின் வந்த தட்டுகளும்

செசில் ஷார்ப் 1903-ஆம் ஆண்டில், சாமர்செட் கிராமமொன்றில் தோட்டக்காரர் ஒருவர் பாடியதைக் கேட்டு நாட்டுப்பாடல் சேகரிப்பில் இறங்கிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் எழுதி வைத்த ஏடுகள் ஆராய்ச்சியாளர்களுக்கே உரியவை என்று பலரும் எண்ணியிருந்த ஒரு காலத்தில், அமெரிக்கப் பாடல்களைப் பாடித் திரிந்த வடலண்டன் இளைஞர் சிலர், கையில் மின்சாரக் கித்தார்களுடன் அந்த ஏடுகளை நாடி வந்தார்கள். 1967-ல் மஸ்வெல் ஹில்லில் அவர்களில் ஒருவரான சைமன் நிகோலின் குடும்பத்துக்குச் சொந்தமான 'ஃபேர்போர்ட்' என்னும் இல்லத்தில் ஒத்திகை பார்த்து, அந்த வீட்டின் பெயராலேயே ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்று தங்களை அழைத்துக்கொண்ட கோஷ்டி அது. 1968-ல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கலிபோர்னியாவின் சாயல் அதில் தூக்கலாகவே தெரியும்.

அதே ஆண்டில், நாட்டுப்பாடல் சங்கங்களில் பாடிப் பழகிய ஸாண்டி டென்னி வந்து சேர்ந்ததும் நிலைமை மாறிற்று. 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று தட்டுகள் வெளிவந்தன. ரசிகர்கள் மூன்றாவதான 'லீஜ் அண்ட் லீஃப்' தட்டையே சிகரமென்று கொண்டாடுகிறார்கள், 2006-ல் பி.பி.சி. வானொலி நேயர்களும், நாட்டுப்பாடல் தட்டுகளில் மிகுந்த செல்வாக்குடையது அதுவே என்று வாக்களித்தார்கள். என் அபிப்பிராயமோ வேறு. கதவு திறந்தது அதற்கு முந்திய 'அன்ஹாஃப்பிரிக்கிங்' தட்டிலுள்ள 'எ ஸெய்லர்ஸ் லைஃப்' என்னும் பாட்டில்.

காதலனாகிய மாலுமியைத் தேடிக் கடலில் செல்லும் ஒரு பெண், அவன் மூழ்கி மாண்டதை அறிந்து தானும் உயிர்விடும் பழங்கதை அது. பதினொரு நிமிஷத்துக்கு மேல் நீளும் அந்தப் பாட்டை ஒரே மூச்சில், பிற்சேர்க்கை எதுவுமின்றிப் பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் தாளம் என்று ஒன்று இல்லை. மார்ட்டின் லாம்பிளின் ஜால்ராத் தகடுகள் மெல்ல அதிர, டென்னியின் குரல் அவசரமேயில்லாமல் கதையை அவிழ்க்கிறது. ஓரடி முடிந்து அடுத்த அடி பிறப்பதற்கு இடையேயுள்ள வெளியில் ரிச்சர்ட் தாம்ஸனின் கித்தாரும், அழைப்பின்பேரில் வந்திருந்த டேவ் ஸ்வார்ப்ரிக்கின் பிடிலும் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. கதை முடிந்து குரல் ஓய்ந்த பிறகே தாளம் வலுத்து, இரு வாத்தியங்களும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்குகின்றன. பெண்ணின் மரணத்தைச் சொற்கள் இரண்டு வரியில் முடித்துவிட, மீதியை வாத்தியங்கள் சொல்கின்றன. பழம்பாட்டுக்கு மின்சார வாத்தியம் வெறும் பக்கவாத்தியமாக இல்லாமல் கதைசொல்லியாகவே மாறியது இங்கேதான்.

அந்தத் தட்டின் பிரிட்டிஷ் உறையில் கோஷ்டியின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. விம்பிள்டனிலுள்ள தங்கள் வீட்டு வாசலில் டென்னியின் பெற்றோர் நிற்கிறார்கள். அமெரிக்க நிறுவனத்தாருக்கு இது பிடிபடவில்லை போலும். அங்கே உறையில் சர்க்கஸ் யானைகளைப் போட்டார்கள்!

தட்டு ஜூலையில் கடைக்கு வந்தபோது லாம்பிள் உயிருடன் இல்லை. மே 12-ஆம் தேதி, பர்மிங்ஹாம் கச்சேரி முடிந்து திரும்பும் வழியில் எம்-1 நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து, பத்தொன்பது வயதான அவரும் தாம்ஸனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் மாண்டார்கள். பழைய கச்சேரிப் பாடல்களை மீண்டும் வாசிக்க மனம் ஒப்பாத நிலையில், ஸ்வார்ப்ரிக்கையும் புதிய டிரம் கலைஞர் டேவ் மாட்டக்ஸையும் சேர்த்துக்கொண்டு, ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற கிராமத்து வீட்டில் தங்கி ஒத்திகை பார்த்ததன் விளைவே 'லீஜ் அண்ட் லீஃப்'. அதில் பிரபு ஒருவரின் மனைவியும் அவளுடைய இளங்காதலனும் வெட்டுண்டு மடியும் 'மாட்டி குரோவ்ஸ்' இன்றும் அவர்களுடைய மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. அந்தக் கொலைக் கதையை டென்னி கொஞ்சமும் பதறாமல் பாடுவதில்தான் அதன் பயங்கரம் இருக்கிறது.

தட்டு வெளிவருமுன்பே டென்னி விலகினார். கோஷ்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆஷ்லி ஹட்சிங்ஸும் விலகினார். 1970-ன் 'ஃபுல் ஹவுஸ்' குரல் போன குறையைப் பிடிலால் ஈடுகட்டிய நல்ல தட்டு. அச்சாகிவிட்ட உறையில் கடைசி நேரத்தில் ஒரு பாட்டின் பெயரைக் கறுப்பு மையால் அடிக்க நேர்ந்தது. தாம்ஸன் அந்தப் பாட்டை வேண்டாமென்று விலக்கிவிட்டாராம். 1971-ல், 1885-ஆம் ஆண்டில் எக்ஸெட்டர் சிறைத் தூக்குமேடையின் பலகை மூன்று முறையும் திறக்க மறுத்ததால் உயிர் தப்பிய ஜான் லீயின் கதையை முழுத் தட்டாகவே செய்தார்கள். கதை பெரிது, இசை அதைச் சுமக்கவில்லை. பிறகு வந்தவற்றில், டென்னி திரும்பி வந்து பாடிய 1975-ன் 'ரைஸிங் ஃபார் தி மூன்' ஒன்றைக் கேட்டால் போதும்.

எழுபதுகளின் இறுதியில் வெர்டிகோ நிறுவனம், ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த தட்டுகளைப் பதிவு செய்யாமலிருப்பதற்காகவே இவர்களுக்குப் பணம் கொடுத்தது. 1979 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்ட்ஷயரின் க்ரோப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள். அதன் பதிவை வெளியிடப் பெரிய கம்பெனி எதுவும் முன்வராததால் தாங்களே வெளியிட்டார்கள். பாஸ் கித்தார் வாசித்த டேவ் பெக் தம் மனைவியுடன் நடத்திய உட்வோர்ம் நிறுவனத்தின் வழியே 1985-ல் 'கிளாடிஸ்ஸ் லீப்' வெளிவந்து, விடைபெற்ற கோஷ்டி மீண்டும் கோஷ்டியாயிற்று. 2020-ன் 'ஷஃபிள் அண்ட் கோ' வரை நீளும் இந்தப் பிற்காலத் தட்டுகளை விமர்சகர்கள் பெரிதாக மதிப்பதில்லை. அவற்றில் தாம்ஸனின் துணிவோ டென்னியின் குரலோ இல்லையென்பதும் மெய்யே. ஆயினும் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் தம் கைப்படத் தட்டு செய்து, க்ரோப்ரெடி வயலில் கூடிய ஜனங்களிடமே அதை விற்றுப் பிழைத்த அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

விலகிச் சென்ற ஹட்சிங்ஸ், 'ஸ்டீலை ஸ்பான்' என்ற கோஷ்டியைத் தொடங்கி இன்னும் கண்டிப்பான ஒரு வழியில் போனார். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.