உங்களுக்குத் தெரியுமா? துபாயில் சூரியன் ‘அவள்’, சந்திரன் ‘அவன்’!

அரபியில் ‘அது’வுக்கு இடமே கிடையாது! கல், கதவு, கார், காபி எதுவானாலும் சரி. ஒன்று ‘அவன்’, இல்லையென்றால் ‘அவள்’. மூன்றாவது பாலே இல்லை!

ஜூலை மாதம் துபாயில் மண்டையைப் பிளக்கும் சூரியன் இருக்கிறதே, அது அரபியில் பெண்பால். குளிரும் சந்திரன் ஆண்பால்! நம் கதைகளில் இருவருமே ஆண்கள். ஜெர்மன் மொழியிலும் அரபி மாதிரியேதான்: சூரியன் பெண், சந்திரன் ஆண். பிரெஞ்சில் அப்படியே தலைகீழ்!

சூரியன் பெண்பால் என்ற இந்த ஒரு இலக்கண விதியை வைத்தே இரங்கற்பாவில் ஒரு அம்மையாரைப் புகழ்ந்தார் ஒரு கவிஞர். பெயர் அல்-முத்தனப்பி. 10-ஆம் நூற்றாண்டுக்காரர்!

டீக்கடையில் சாயும் (டீ) கஹ்வாவும் (காபி) பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சாய் ஆண், கஹ்வா பெண்! தொட்டுக்கொள்ளும் குப்பூஸ் ரொட்டி? ஆண்!

கடைப் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘பக்காலா’ (மளிகைக் கடை) என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குத் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அதன் பெயர் ‘தா மர்பூத்தா’. அந்த எழுத்தில் முடிந்தால் அநேகமாகப் பெண்பால்தான். சையாரா (கார்), மதரஸா (பள்ளி), குர்ஃபா (அறை) எல்லாம் பெண்கள்!

அநேகமாக என்று ஏன் சொன்னோம்? 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவைப் பாருங்கள். ‘கலீஃபா’வும் அதே எழுத்தில்தான் முடிகிறது. ஆனால் அது அசல் ஆண் பெயர்! ஹம்ஸா, உஸாமா, தல்ஹா... அத்தனை பேருக்கும் இதே கதைதான்!

இன்னொரு அதிசயம். கர்ப்பிணியைக் குறிக்கும் ‘ஹாமில்’ என்ற சொல்லுக்கு இந்தப் பெண்பால் எழுத்தே கிடையாது! ஆண் கர்ப்பமாகப் போவதில்லையே, தனி அடையாளம் எதற்கு?

அபுதாபி என்ற பெயரில் வரும் ‘அபு’ என்றால் அப்பா. ஆனால் ஊர்ப் பெயர்கள் அநேகமாக எல்லாம் அரபியில் பெண்பால். அரபி செய்தித்தாளில் அபுதாபி ஒரு மாநாடு நடத்தினால், ‘நடத்துகிறாள்’ என்றுதான் போடுவார்கள். அப்பாவே ‘அவள்’ ஆகிவிட்டார்!

வளைகுடாக் கூட்டமைப்பில் 6 நாடுகள். அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் ‘தவ்லா’ (நாடு). சவுதியும் பஹ்ரைனும் ‘மம்லக்கா’ (முடியரசு). ஓமன் ‘சல்தனா’ (சுல்தானகம்). மூன்று சொல்லும் பெண்பால்! ஆனால் பக்கத்து வீட்டு இராக்கும் ஏமனும் ஆண்கள்!

வளைகுடாவில் காசுகூட பால் மாறியிருக்கிறது! 1959-ல் இந்தியா வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் வெளியிட்டது. அரபியில் ரூபாய் பெண்பால். 1973-ல் அமீரக திர்ஹம் வந்தது. அது ஆண்பால்!

கண், காது, கை, கால்... ஜோடியாக இருக்கும் உறுப்புகள் பெரும்பாலும் பெண்பால். தலை, மூக்கு, வாய்? ஒற்றையாக இருப்பதால் ஆண்பால்!

ஒரு புத்தகம் ‘அவன்’. நூறு புத்தகம்? ‘அவர்கள்’ என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ‘அவள்’! மனிதர் அல்லாதவை பலவாகச் சேர்ந்தால், அரபியில் மொத்தமும் ஒரே ஒரு பெண்!

குவியலாகக் கிடக்கும் பேரீச்சம்பழம் ‘தம்ர்’, ஆண்பால். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்தால் ‘தம்ரா’, பெண்பால்! முத்துக்கும் அப்படியே. குவியல் ‘லூலூ’ ஆண், ஒற்றை முத்து ‘லூலூவா’ பெண்!

எண்கள் அதைவிடக் குறும்பு. 3 முதல் 10 வரை, ஆண்பால் பொருளுக்குப் பெண்பால் வடிவ எண். பெண்பால் பொருளுக்கு ஆண்பால் வடிவம். ஐந்து திர்ஹம் என்றால் ‘கம்ஸத்’, ஐந்து கார் என்றால் ‘கம்ஸ்’!

அரபிக்கு முதல் பெரிய இலக்கண நூலை எழுதியவர் யார்? 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த சீபவைஹி. அவர் பாரசீகர். பாரசீக மொழியில் பாலே கிடையாது. ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ஒரே சொல்!

சொற்கள் கடல் தாண்டினால் பாலும் தாண்டும்! அரபியில் ‘கிதாப்’ (புத்தகம்) ஆண். இந்திக்குப் போனதும் பெண். ‘குர்சி’ (நாற்காலி) அங்கே ஆண், இங்கே பெண். ‘சாய்’ அங்கே ஆண், இங்கே பெண்!

அதே கிதாப், ஓமன் சுல்தான்கள் ஆண்ட சான்சிபாரின் சுவாஹிலி மொழிக்குள் நுழைந்தது. அங்கே ஆண், பெண் கிடையாது, பொருள்களுக்கு வகுப்புகள். முதலில் இருந்த ‘கி’யை வகுப்பு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ‘கிதாபு’, பல ‘விதாபு’!

துபாய் அறையில் உங்கள் பக்கத்துக் கட்டில்காரர் மலையாளியா? அவர் மொழியில் வந்தான், வந்தாள், வந்தது எல்லாவற்றுக்கும் ஒரே வினை: ‘வந்நு’! பிலிப்பைன்ஸ்காரரா? அவருக்கு ‘அவன்’, ‘அவள்’ இரண்டும் ‘சியா’. வங்காளியா? ‘ஷே’!

அரபி நாற்காலிக்கே பால் கொடுக்கிறது. தமிழோ அழுகிற குழந்தைக்குக்கூடக் கொடுப்பதில்லை! ‘குழந்தை அழுகிறது’ என்கிறோம். இத்தனைக்கும் மக்கள் ஒரு பக்கம், மற்றவை எல்லாம் இன்னொரு பக்கம் என்று உயர்திணை, அஃறிணையாகத் தொல்காப்பியர் அன்றே கோடு போட்டுவிட்டார்!

உயிரற்ற பொருளுக்கு எப்படிப் பால் வந்தது? ஆதி மனிதன் பொருள்களை ஆணாகவும் பெண்ணாகவும் கற்பனை செய்தான் என்றார் ஒரு ஜெர்மானியர். யார் தெரியுமா? தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம்! இன்னொரு ஜெர்மானியரான புருக்மான் மறுத்தார். எல்லாம் சொல்லின் ஈற்று ஒலி செய்த வேலை என்றார்!

வளைகுடாவின் கட்டுமானத் தளங்களிலும் கடைகளிலும் ஒரு புது அரபி பிறந்திருக்கிறது. நம் ஆட்களும் வங்காளிகளும் பாகிஸ்தானிகளும் அரபிகளோடு பேசிப் பேசி உருவாக்கியது. மொழியியலாளர்கள் அதற்கு ‘கல்ஃப் பிட்ஜின் அராபிக்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ‘சையாரா கபீரா’ (பெரிய கார்) அங்கே சர்வ சாதாரணமாக ‘சையாரா கபீர்’ ஆகிவிடும். எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லாமலே ஒரு மொழியின் பாலைக் கழற்றி வைத்துவிட்டார்கள் தொழிலாளர்கள்!

உலகம் முழுக்க 257 மொழிகளை எடுத்து ஆராய்ந்தார் கிரெவில் கார்பெட் என்ற மொழியியலாளர். பால் பாகுபாடு உள்ளவை 112. பாலே இல்லாமல் ஜம்மென்று நடமாடுபவை 145!