மதிலுக்குள்ளே விதி, மதிலுக்கு வெளியே?

எம் முன்னோர் ரங்கூன் என்றழைத்த யாங்கோன் நகருக்கு மேற்கே, லைங் ஆற்றின் அக்கரையில் அமைந்துள்ளது லைங் தாயா. 1988இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம், நகர மையத்திலிருந்து அகற்றிய ஏழைகளைக் குடியேற்றிய புதுநகர்களுள் இதுவும் ஒன்று. ஆடைத் தொழிற்சாலைகளை நாடி வந்தோரும், 2008ஆம் ஆண்டு நர்கீஸ் சூறாவளியில் வீடிழந்த ஐராவதிக் கழிமுகத்து மக்களும் இங்கு மூங்கிற் குடிசைகள் அமைத்தனர். 2014ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இதன் மக்கள்தொகை 6 இலட்சத்து 87 ஆயிரம்.

இதே ஊரில்தான் புன் லைங் எஸ்டேட், எவ்.எம்.ஐ. சிற்றி எனும் வசதி படைத்தோர் குடியிருப்புகளும் உள்ளன. முன்னதில் கோல்ஃப் திடலே உண்டு.

இவ்வகைக் குடியிருப்புகளில், பல நாடுகளில், காணி உறுதியுடன் நிபந்தனைகள் இணைக்கப்படுவது வழக்கம். மதிலின் உயரம், கூரையின் வகை, சுவரின் நிறம் யாவும் முன்னரே வரையறுக்கப்படும். மாற்றம் செய்ய விரும்புவோர் வரைபடத்தைக் குழுவொன்றிடம் சமர்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டும்.

1848இல் இலண்டன் லெஸ்ரர் சதுக்க வழக்கில் இந்நெறி நிலைபெற்றது. தோட்டத்தில் கட்டடம் எழுப்புவதில்லை என முதலில் வாங்கியவர் அளித்த வாக்கு, அதனை அறிந்தே பின்னர் வாங்கியவரையும் பிணைக்கும் என்பது தீர்ப்பு. 1882ஆம் ஆண்டின் இந்தியச் சொத்து மாற்றச் சட்டத்தில் இடம்பெற்ற இந்நெறி, பிரித்தானியர் ஆட்சியில் பர்மாவையும் அடைந்தது.

அயலவரின் காற்றையும் வெளிச்சத்தையும் காக்கும் விதி நல்லதே. ஆனால், ஆளைத் தடுக்கவும் இதே கருவி பயன்பட்டது. ரொறன்ரோவின் ஈஸ்ட் யோர்க்கில் ஒரு காணியை யூதருக்கு விற்கலாகாது என உறுதியில் எழுதியிருந்தனர். அந்நிபந்தனை செல்லாது என 1945இல் ஒன்ராறியோ நீதிமன்றம் தீர்த்தது.

உறுதியே இல்லாதோரின் நிலை என்ன? 2021 மார்ச் 14இல் லைங் தாயாவில் ஆர்ப்பாட்டக்காரர்களைப் படையினர் சுட்டுக்கொன்றனர். இராணுவச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், வீதியோரக் குடிசைகளை அகற்றுமாறு சில நாள் அவகாசமே வழங்கப்பட்டது. மக்கள் தம் கூரைகளைத் தாமே பிரித்தெடுத்துச் சென்றனர். மதிலுக்குள்ளே சுவரின் நிறத்தைக்கூட எழுத்திலுள்ள விதி காக்கிறது. மதிலுக்கு வெளியே, குடியிருக்கும் உரிமையைக் காக்க ஓர் எழுத்தும் இல்லை.

அகதிகளாய் வந்து வீடு வாங்கும் நாம் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கையொப்பமிடுமுன் நிபந்தனைகள் அனைத்தையும் சட்டத்தரணி மூலம் விளங்கிக்கொள்வோம். பின்னர் குடியிருப்போர் கூட்டங்களில் அமரும்போது, முன்வைக்கப்படும் விதி வீட்டைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று கேட்போம். இடமின்றி அலைந்த நாம், பிறருக்கு இடம் மறுக்கும் விதிக்குக் கையுயர்த்தலாகாது.