உயர் இனக் கோழியும் ஊர்ச் சேவலும்

உயர் இனக் கோழி வளர்ப்பைப் பற்றி ஊராட்சிக் கூட்டங்களில் பேசும்பொழுதெல்லாம், "முன்பு கொடுத்த சீமைக் கோழிகள் எங்கே போயின?" என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. கேள்வி நியாயமானதே. 1952 ஆம் ஆண்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு, வெள்ளை லெகார்ன், ரோட் ஐலண்டு சிவப்பு முதலிய இனக் கோழிகள் கிராமங்களுக்கு வழங்கப்பட்டு வந்துள்ளன. வழங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அவற்றின் சுவடே தெரியாமற் போனதைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம். வெள்ளைக்கழிச்சலில் மாண்டவை சில. கீரியும் பருந்தும் கொண்டு போனவை சில. பெரும்பகுதி மறைந்தது ஊர்ச் சேவலால்.

கணக்கு எளியது. உயர் இனப் பெட்டை, தெருவில் திரியும் சேவலோடு சேர்ந்து இடும் முட்டையிலிருந்து வரும் குஞ்சில் உயர் இனத்தின் இரத்தம் பாதி. அக்குஞ்சு வளர்ந்து மீண்டும் ஊர்ச் சேவலோடு சேர்ந்தால் கால். அதற்கடுத்த தலைமுறையில் அரைக்கால். கோழி ஐந்து ஆறு மாதங்களில் முட்டையிடத் தொடங்குவதால், மூன்று தலைமுறைகள் கழிய மூன்று ஆண்டுகள்கூட வேண்டியதில்லை. இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். நாட்டுப் பெட்டைகளை வைத்துக்கொண்டு, தலைமுறைதோறும் தூய இனச் சேவலையே புதிதாகச் சேர்த்து வந்தால் பாதி, முக்கால், முக்காலே அரைக்கால் என்று இனம் உயரும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும் நாட்டுக் கோழியின் சந்ததி, இவ்வழியில் 150 முட்டைகளைத் தாண்டுவது அரிதன்று.

முட்டையிடாத சேவலுக்கு இத்துணை முக்கியத்துவம் எதற்கு என்று சிலர் ஐயுறுவர். ஒரு பெட்டை தன் குஞ்சுகளுக்கு மட்டுமே தன் குணத்தை அளிக்கிறது. ஒரு சேவலோ தன்னோடிருக்கும் பத்துப் பெட்டைகளின் குஞ்சுகள் அனைத்துக்கும் அளிக்கிறது. மிகுதியாக முட்டையிட்ட தாயின் மகனாகிய சேவல், அத்தன்மையைத் தன் பெண் குஞ்சுகளுக்குக் கடத்தும். ஆகவே சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கொண்டையையும் நிமிர்ந்த நடையையும் கண்டு மயங்காமல், அதன் தாய் எத்தனை முட்டை இட்டது, அவை எவ்வளவு பருமனாயிருந்தன என்று விசாரிக்க வேண்டும். விற்பவரிடம் அக்கணக்கு இல்லையெனில் அச்சேவலை வாங்காதிருப்பதே மேல்.

கணக்கு வைப்பதற்குப் பெரும் ஏற்பாடுகள் தேவையில்லை. காலையில் கோழியைப் பிடித்துப் பின்புறம் தடவிப் பார்த்து, "இன்றைக்கு முட்டை இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. ஒவ்வொரு பெட்டையின் காலிலும் வேறு வேறு வண்ண நூல் கட்டி, வாரத்தில் இரண்டு நாள் இவ்வாறு பார்த்துச் சுவரில் கரிக்கோடு இட்டு வந்தால், மூன்று மாதத்தில் எது உழைக்கிறது, எது தின்றுவிட்டு உறங்குகிறது என்பது விளங்கிவிடும். லெகார்ன், ரோட் ஐலண்டு போன்ற மஞ்சட் கால் இனங்களில் மற்றுமோர் அடையாளம் உண்டு. தொடர்ந்து முட்டையிடும் கோழியின் அலகிலும் காலிலும் மஞ்சள் நிறம் வெளிறிப் போகும். பல மாதங்களாகியும் கால் பளபளவென்று மஞ்சளாயிருக்கும் பெட்டை, பார்வைக்கு அழகே தவிரக் கூடைக்கு உதவாது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் குறிப்பிட வேண்டும். கடையில் வாங்கிய பண்ணை முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைத்து, 21 நாட்கள் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளில் முட்டைக் கோழிகளுடன் சேவல் இருப்பதில்லை. அம்முட்டைகளில் கரு இராது. பண்ணைகள் கழிக்கும் கோழிகளை மலிவாக வாங்கிச் சேவலோடு விடுவதும் பயன் தராது. அவை பல வழிகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம்; தாயின் திறம் குஞ்சுகளிடம் ஒரே சீராக வராது. தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்து வைக்கத் தக்கது தூய இனமே.

எந்த இனம் எனில், கொல்லைப்புறத்தில் வளர்ப்போருக்கு ரோட் ஐலண்டு சிவப்பையே நாம் சொல்வோம். லெகார்ன் அதிகம் இடும் என்பது உண்மை. ஆனால் அது மிரளும் பறவை, அதன் வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதில் அகப்படும், அடைகாப்பதும் அருமை. அசீல் போன்ற நம் நாட்டு இனங்களை வைத்திருப்போர் அவற்றை இதனோடு கலக்க வேண்டாம். இறைச்சிக்கு அவற்றின் விலையே தனி. அவற்றையும் தனித்துக் காப்பது நலம்.

இனி தீவனம். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆண்டில் 200 முட்டை இடும் கோழி 400 கிராம் வரை வெளியேற்றுகிறது. இது அதன் உடலில் உள்ளதைப் போலப் பல மடங்கு. வெறும் நொய்யையும் தவிட்டையும் தின்று இதை எங்கிருந்து கொடுக்கும்? தோல் முட்டை இடுவதும், இடுவதையே நிறுத்துவதும் இதனால்தான். இனத்தின் மீது சுமத்தப்படும் பழியில் பாதி தீவனத்தைச் சேர்ந்தது.

முட்டைக் கோழிகளுக்கு 100 கிலோ கலவையில் உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 52 கிலோ, அரிசித் தவிடு 16, கடலைப் புண்ணாக்கு 15, கருவாட்டுத் தூள் 8, கிளிஞ்சல் தூள் 7, தாதுஉப்புக் கலவை 2 கிலோ என்ற அளவில் சேர்க்கலாம். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டா. அடைத்து வளர்க்கும் கோழிக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வேண்டும். மேய்ந்து வருவதற்கு ஏறக்குறைய பாதி போதும். முருங்கை, அகத்திக் கீரை தினமும் கொடுத்தால் மஞ்சட்கரு நல்ல நிறமாக அமையும். இக்கலவையைக் குஞ்சுகளுக்கு இடலாகாது. மிகுந்த சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பூசணம் பிடித்த புண்ணாக்கை, மாடு தின்னாததைக் கோழிக்குப் போடலாம் என்று எண்ணுவது பெருந்தவறு. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் காரணம், பூசண நஞ்சு கலந்த கடலைப் புண்ணாக்கே என்று பின்னர் கண்டறிந்தனர். மழைக்காலத்தில் புண்ணாக்கைப் பதினைந்து நாள் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

இவை வீட்டார் செய்யக் கூடியவை. சேவல் விஷயம் மட்டும் தனி வீட்டாரால் ஆகாது. அண்டை வீட்டுச் சேவலுக்கு வேலி தெரியாது. ஒரு குக்கிராமத்தார் அனைவரும் ஊராட்சி உறுப்பினர் முன்னிலையில் கூடி, ஓரினச் சேவலன்றி வேறு வைப்பதில்லை என்று முடிவு செய்தல் வேண்டும். பழைய சேவல்களை விற்றபின் உடனே அடைவைக்கலாகாது. சேவல் நீங்கிய பின்னும் இரண்டு, சிலவேளை மூன்று வாரங்கள் வரை அதன் கரு முட்டையில் நிற்கும். புதுச் சேவல் வந்து மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளில், 50 கிராமுக்குக் குறையாதவற்றை, ஏழு நாட்களுக்குள் அடைவைக்க வேண்டும். தகப்பனும் மகளும் கூடாதிருக்க, ஆண்டுக்கொரு முறை அதே இனச் சேவலை அடுத்த ஊரோடு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய தேதியை ஊராட்சி அலுவலகப் பதிவேட்டில் குறித்து வைத்தால், எந்த முட்டையை அடைவைப்பது என்பதில் வீட்டாருக்குக் குழப்பம் நேராது.